டர்போ ஹைலக்ஸுக்கு ஏன் 9:1? கம்ப்ரஷன் கணக்கும் பாகங்களும்

வண்டி: பழைய ஹைலக்ஸ் பிக்கப், பின்சக்கர ஓட்டம். எஞ்சின்: ஹாஃப்கட்டில் (வெட்டி இறக்குமதி செய்த பழைய காரின் முன்பாதியில்) வந்த டொயோட்டா 2ஜேஇசட்-ஜிஇ, விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் அமைப்பு) இல்லாத ரகம். 2997 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 86 மி.மீ., ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 86 மி.மீ., தொழிற்சாலையில் கொடுத்த கம்ப்ரஷன் (கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற விகிதம்) 10:1. இலக்கு: டர்போ தரும் 0.7 பார் பூஸ்ட்டில் (கூடுதல் காற்றழுத்தத்தில்) கிராங்கில் சுமார் 300 குதிரைசக்தி. வண்டி தினமும் ஓட வேண்டும். காலையில் கோலாலம்பூரின் எம்ஆர்ஆர்2 சாலை நெரிசல், வார இறுதியில் காராக் நெடுஞ்சாலை ஏற்றம், ஏர்கான் எப்போதும் போட்டபடி.

எடுத்த முடிவு 9:1. அதற்கு எப்படி வந்தோம், எந்தப் பாகம் எதற்காக என்பதே இந்தப் பதிவு. டீசல் ஹைலக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் 1கேடி-எஃப்டிவி எஞ்சின் 17.9:1-இல் ஓடுகிறது, அங்கே டீசல் தானாகப் பற்றிக்கொள்வதுதான் வேலையே. பெட்ரோலில் அப்படித் தானாகப் பற்றிக்கொண்டால் அதற்குப் பெயர் நாக்கிங்.

கணக்கைப் பெட்ரோலிலிருந்து தொடங்க வேண்டும், குதிரைசக்தியிலிருந்து அல்ல. நம் மலேசிய ஸ்டேஷன்களில் கிடைப்பது ரோன்95, ரோன்97, பெட்ரானில் பிளேஸ் 100 (ரோன் எண் கூடினால் நாக்கிங்கைத் தாங்கும் திறன் கூடும்). எத்தனால் கலந்த ஈ85 பம்பில் கிடையாது. அதனால் வெளிநாட்டு ஈ85 எஞ்சின்களின் கம்ப்ரஷன், பூஸ்ட் எண்களை இங்கே கொண்டு வரக்கூடாது. பிளேஸ் 100-ஐ நம்பி எஞ்சின் கட்டுவதும் சரியில்லை. ஊருக்கு வெளியே போகும் பிக்கப் எந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ரோன்97-க்குக் கட்டி, ரோன்95 ஊற்றினாலும் உடையாதபடி எஞ்சின் கணினியில் இரண்டாவது மேப் (பெட்ரோல், இக்னிஷன் அட்டவணை) ஒன்றை வைத்துக்கொள்வதே இந்த வண்டிக்குச் சரி.

அடுத்தது வெப்பம். கோலாலம்பூரில் மதியம் 33, 34 டிகிரி சாதாரணம். கணக்குக்கு 35 எடுத்துக்கொண்டோம். 0.7 பார் இன்டேக் மேனிஃபோல்டில் கிடைக்க, இன்டர்கூலரிலும் (டர்போ காற்றைக் குளிர்விக்கும் கருவி) குழாயிலும் 0.1 பார் போகும். ஃபில்டரிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. எல்லாம் சேர்த்தால் டர்போவின் கம்ப்ரசர் உண்மையில் செய்யும் அழுத்த விகிதம் 1.84. கம்ப்ரசர் திறன் 72 விழுக்காடு என்றால் வெளியே வரும் காற்று ஏறக்குறைய 116 டிகிரி. 75 விழுக்காடு திறனுள்ள இன்டர்கூலருக்குப் பிறகு 55 டிகிரி. இது வண்டி ஓடும்போது. அதே ஃபில்டரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் திறந்தபடி மாட்டி 45 டிகிரி காற்றை உறிஞ்ச விட்டால், கம்ப்ரசரிலிருந்து வெளிவருவது 128 டிகிரிக்குப் போய்விடும். ஃபில்டரைச் சுற்றி ஒரு பெட்டி அடித்து, ஃபெண்டர் பக்கமிருந்து காற்று எடுப்பது தகரமும் ரப்பரும் மட்டுமே கேட்கும் வேலை. பூஸ்ட் வண்டியில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இந்த 55 டிகிரி காற்றோடு, சிலிண்டருக்கு வெளியே, போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் ஒரு 1990-களின் எஞ்சினில் 10:1 வைத்து 0.7 பார் கொடுத்தால் ஓடாமல் இல்லை, ஓடும். ஆனால் இக்னிஷனை அவ்வளவு பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கும். கம்ப்ரஷன் தந்த லாபம் அங்கே போய்விடும், எக்ஸாஸ்ட் வெப்பமும் ஏறும். இன்றைய டர்போ கார்கள் 10:1-ஐத் தாண்டி ஓடுகின்றனவே என்று கேட்பார்கள். அவற்றில் பல சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சுகின்றன. அது ஆவியாகும்போது உள்ளேயே குளிர்ச்சி கிடைக்கிறது. ஜிஇ ஹெட்டில் அந்தக் குளிர்ச்சி கிடையாது.

அப்படியானால் 8.5:1? இதே எஞ்சினின் டர்போ ரகமான 2ஜேஇசட்-ஜிடிஇ-க்கு டொயோட்டாவே அந்த எண்ணைத்தான் கொடுத்தது. பாதுகாப்பான எண், தவறில்லை. ஆனால் பிக்கப் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பூஸ்ட் இல்லாமல் கழிக்கிறது: நெரிசலில் 1500 சுற்று, சிக்னலில் முதல் கியர், பின்னால் சுமை. ஏட்டுக் கணக்குப்படி 10:1-லிருந்து 9:1-க்கு இறங்கினால் வெப்பத்திறன் 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகப் போகும், 8.5:1-க்கு இறங்கினால் நாலரை விழுக்காடு. சிறிய எண்ணாகத் தெரியும். ஒன்றரை டன் வண்டியைக் கிளட்ச் விட்டு நகர்த்தும் ஒவ்வொரு முறையும் அது காலில் தெரியும், பெட்ரோல் கணக்கிலும் தெரியும். ரோன்95 மட்டுமே ஊற்றுவேன் என்று முடிவாக இருப்பவர் 8.5 எடுக்கலாம். ரோன்97-க்கு 9 போதும்.

பட்டறைகளில் ஒரு சூத்திரம் சுற்றுகிறது: கம்ப்ரஷனைப் பூஸ்ட்டோடு பெருக்கி ‘எஃபெக்டிவ் கம்ப்ரஷன்’ என்பார்கள். 9 தடவை 1.7, ஆக 15.3, ஆகவே ஆபத்து என்பார்கள். அந்தப் பெருக்கலில் காற்றின் வெப்பமும் இல்லை, இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பதும் இல்லை. இன்டர்கூலர் உள்ள எஞ்சினுக்கும் இல்லாத எஞ்சினுக்கும் ஒரே எண்ணைக் காட்டும் சூத்திரத்தை வைத்துப் பிஸ்டன் ஆர்டர் செய்யாதீர்கள்.

9:1-க்கு இறங்க எளிய வழி என்று எல்லோரும் சொல்வது தடித்த ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு). பணமும் குறைவு, பிஸ்டனைத் தொட வேண்டாம். கணக்குப் பார்ப்போம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 499.6 சிசி. 10:1 என்றால் மேலே மிஞ்சும் இடம் 55.5 சிசி. 87 மி.மீ. துளையுள்ள கேஸ்கெட் ஒவ்வொரு மி.மீ. தடிப்புக்கும் 5.94 சிசி சேர்க்கும். பழைய கேஸ்கெட்டைவிட 1.3 மி.மீ. தடித்ததைப் போட்டால் 7.7 சிசி கூடும், 8.9:1 வரும். எண் சரியாகத்தான் இருக்கிறது.

கெடுவது ஸ்க்விஷ். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத் தட்டைப் பகுதியும் ஹெட்டின் தட்டைப் பகுதியும் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு, நடுவிலிருக்கும் கலவையைப் பிளக் பக்கம் தள்ள வேண்டும். அந்தச் சுழற்சிதான் எரிதலை வேகமாக்குகிறது. ஓரத்தில் கலவை தங்காததால் அங்கே தானாகப் பற்றவும் ஒன்றும் மிஞ்சாது. இரும்பு ராட் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) உள்ள எஞ்சினுக்கு 0.9 முதல் 1.2 மி.மீ. இடைவெளி நல்லது. 2 மி.மீ. என்று ஆகிவிட்டால் தள்ளும் வேலை நடக்காது. ஓரத்தில் கலவை சூடாகிக் காத்திருக்கும். கம்ப்ரஷனைக் குறைத்தும் நாக்கிங் போகவில்லை என்று வரும் எஞ்சின்களில் ஹெட்டைக் கழற்றினால் பல முறை இதுதான் தெரியும். 0.4 பாருக்குள் நிற்பவர் கேஸ்கெட் வழியில் தப்பித்துக்கொள்ளலாம். 0.7 என்றால் கம்ப்ரஷனைப் பிஸ்டனின் குழியில்தான் குறைக்க வேண்டும்.

இனி அளவெடுப்பு. வரிசை முக்கியம்: முதலில் கடைசல் வேலை, பிறகு அளவு, கடைசியில் பிஸ்டன் ஆர்டர். ஹாஃப்கட் ஹெட் எத்தனை முறை சூடாகி எத்தனை முறை சீவப்பட்டது என்று விற்பவருக்கே தெரியாது. 0.2 மி.மீ. சீவினால் சேம்பரில் (ஹெட்டில் கலவை எரியும் குழியில்) சுமார் 1 சிசி போகும். புத்தகத்தில் போட்ட எண்ணை நம்பி ஆர்டர் கொடுத்தால் வேறு விகிதத்தில் போய் முடியும்.

பிளாக்கை 86.5 மி.மீ.க்குப் போரிங் செய்ய முடிவானது. போரிங்கையும் கடைசி ஹோனிங்கையும் டார்க் பிளேட் (ஹெட்டுக்குப் பதிலாக இறுக்கும் தடித்த தகடு) போட்டுத்தான் செய்ய வேண்டும். ஹெட் போல்ட்டை இறுக்கும்போது சிலிண்டர் சற்றே நெளிகிறது; பிளேட் இல்லாமல் வட்டமாக்கினால் ஹெட் மாட்டிய பிறகு வட்டம் இருக்காது. பிஸ்டனுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடைவெளி பிஸ்டன் தாளில் இருக்கும், ஆகவே பிஸ்டன் கைக்கு வரும்வரை கடைசி ஹோனிங்குக்கு 0.05 மி.மீ. மிச்சம் வைக்கச் சொல்லுங்கள். எம்எல்எஸ் (பல அடுக்கு எஃகு) கேஸ்கெட் என்பதால் ஹெட்டின் முகமும் பிளாக்கின் முகமும் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். பழைய கல் வைத்துச் சீவிய கோடு நகத்தில் தட்டினால் அந்தக் கேஸ்கெட் நிற்காது.

சேம்பரை அளக்க: 100 மி.லி. பியூரெட், 10 மி.மீ. தடிப்புள்ள அக்ரிலிக் தகடு, அதன் ஓரத்தில் 5 மி.மீ. துளை, கொஞ்சம் கிரீஸ், சாயம் கலந்த ஸ்பிரிட். தண்ணீர் வேண்டாம், குமிழி ஒட்டிக்கொள்ளும். வால்வுகளையும் கடைசியில் போடப் போகும் அதே பிளக்கையும் மாட்டிக்கொள்ளுங்கள். சேம்பரைச் சுற்றி மெல்லிய கிரீஸ் தடவித் தகட்டை அழுத்துங்கள். துளை மேட்டில் இருக்கும்படி ஹெட்டைச் சாய்த்து, காற்று முழுவதும் வெளியேறும்வரை நிரப்புங்கள். ஆறையும் அளந்து எழுதுங்கள். ஆறும் 0.5 சிசிக்குள் இருக்க வேண்டும். ஒரு சேம்பர் மட்டும் 1.5 சிசி குறைந்தால் அந்த ஒரு சிலிண்டர் 9.2:1-இல் ஓடும், முதலில் தட்டுவதும் அதுதான். குறைந்த சேம்பரில் வால்வைச் சுற்றியுள்ள கூர்விளிம்புகளைத் தேய்த்துச் சமன் செய்யலாம். கூர்விளிம்பு எப்படியும் சூடேறிப் பற்றவைக்கும், போவது நல்லதே.

டெக் உயரம் (உச்சியில் பிஸ்டனுக்கும் பிளாக் முகத்துக்கும் உள்ள வேறுபாடு) பார்க்க, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டு வந்து டயல் கேஜை பிஸ்டன் பின்னுக்கு நேர் மேலே வையுங்கள். ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடுவதையும் சேர்த்து அளப்பீர்கள்.

இந்த எஞ்சினில் கடைசல் முடிந்து வந்த எண்கள்: சேம்பர் 45.0 சிசி, பிஸ்டன் பிளாக் முகத்தோடு சமம், டெக் பூஜ்யம், கேஸ்கெட் இறுகிய பிறகு 1.2 மி.மீ., துளை 87 மி.மீ., ஆக 7.1 சிசி. கேஸ்கெட் கணக்கில் இறுகிய தடிப்பையும் கேஸ்கெட்டின் துளையையும்தான் போட வேண்டும், சிலிண்டர் போரை அல்ல. 86.5 மி.மீ. போருக்குச் சிலிண்டர் 505.4 சிசி. 9:1 வேண்டுமென்றால் அதை 8-ஆல் வகுக்க, 63.2 சிசி. அதில் 45.0-ஐயும் 7.1-ஐயும் கழிக்க, மிச்சம் 11.1 சிசி. அதுதான் பிஸ்டன் தலையில் இருக்க வேண்டிய குழி. ஸ்க்விஷ் 1.2 மி.மீ. நிற்கிறது.

குழி எப்படி இருக்கிறது என்பதையும் ஆர்டரில் எழுதுங்கள். கிண்ணம் போல முழுத் தலையையும் குடைந்தால் ஸ்க்விஷ் தட்டையும் சேர்ந்து போய்விடும். சேம்பரின் வடிவத்துக்குள் மட்டும் குழி, ஓரம் தட்டை. பிஸ்டன் வந்ததும் அதையும் அளந்து பாருங்கள்: பிளாக் முகத்திலிருந்து 10 மி.மீ. கீழே இறக்கி, சுற்றிக் கிரீஸ் தடவி நிரப்ப வேண்டும். 10 மி.மீ. உயரத்துக்குச் சிலிண்டர் 58.8 சிசி. பியூரெட் 69.9 காட்டினால் குழி 11.1.

பிஸ்டன் உலோகத்தில் 4032 அலுமினியக் கலவையை எடுத்தோம். 300 குதிரைசக்தியில் தெருவில் ஓடும் வண்டிக்கு அது போதும். சிலிக்கான் அதிகம் உள்ளதால் குறைவாக விரியும், இடைவெளி இறுக்கமாக வைக்கலாம், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டக் டக் சத்தம் குறையும். 2618 என்ற மற்றொரு கலவை அடியைத் தாங்கும், பந்தயத்துக்கு அதுவே நல்லது. ஆனால் இடைவெளி கூட வேண்டும், குளிர்ந்த எஞ்சினில் தட்டும், நாளடைவில் எஞ்சின் எண்ணெயும் குடிக்கும்.

ரிங் இடைவெளியில்தான் புதுக்கட்டு எஞ்சின்கள் அதிகம் உடைகின்றன. டர்போ வண்டிக்கு மேல் ரிங்கில் போரின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.0045 முதல் 0.005 மி.மீ. வைக்க வேண்டும்: 86.5-க்கு 0.39 முதல் 0.43. இரண்டாவது ரிங் 0.43 முதல் 0.48. ரிங்கைச் சிலிண்டரில் போட்டு, பிஸ்டனால் 25 மி.மீ. நேராகத் தள்ளிவிட்டு ஃபீலர் கேஜில் பாருங்கள். ஒரு முனையை மட்டும் அரத்தில் தேய்த்து, பிசிறை எடுங்கள். பெட்டியில் வந்தபடியே மாட்டினால் சூட்டில் இரு முனையும் முட்டிக்கொள்ளும். ரிங் சுவரைப் பிடித்து இழுக்கும், பிஸ்டனின் ரிங் மேடு உடைந்து வரும். உடைந்த துண்டைப் பார்த்து எல்லோரும் நாக்கிங் என்பார்கள். முனையில் பளபளப்பு தெரிந்தால் அது முட்டிய தடயம்.

ராட்: விவிடி-ஐ இல்லாத ஜிஇ-யின் ராட் இந்த இலக்குக்குத் தாராளம். புது ராட் போல்ட் போட்டு, பெரிய முனையை மீண்டும் வட்டமாக்கினால் போதும். விவிடி-ஐ எஞ்சின் கையில் இருப்பவர் கவனிக்க வேண்டும்: அதன் ராட் மெலிந்தது. எஞ்சினைத் திறந்த கையோடு ஹெச்-பீம் ராட் வாங்கிவிடுங்கள், இரண்டாம் முறை திறக்கும் கூலி அதைவிட அதிகம். மெயின் பேரிங் ஜர்னல் 62 மி.மீ., ராட் ஜர்னல் 52 மி.மீ.; இரண்டிலும் 0.045 முதல் 0.06 மி.மீ. இடைவெளி வைத்து 10டபிள்யூ-40 எஞ்சின் எண்ணெய். ஹெட்டுக்கு ஏஆர்பி ஸ்டட், மூன்று படியாக இறுக்கம், ஸ்டட்டோடு வரும் பசைதான். வேறு எண்ணெய் தடவினால் அதே டார்க்கில் வேறு இறுக்கம் வரும்.

ஜிடிஇ பிளாக்கில் பிஸ்டனுக்கு அடியில் எஞ்சின் எண்ணெய் பீய்ச்சும் முனைகள் உண்டு, ஜிஇ-யில் இல்லை. அதனால் பிஸ்டன் வெப்பத்தைத் தணிக்க ஆயில் கூலரும், பூஸ்ட்டில் செழிப்பான (பெட்ரோல் கூடிய) கலவையும் கட்டாயம். டர்போவிலிருந்து எண்ணெய் திரும்பும் வழியும் ஜிஇ-யில் தயாராக இல்லை. சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியில்) துளையிட்டு முனை வெல்ட் செய்ய வேண்டும். அந்த முனை எண்ணெய் மட்டத்துக்கு மேலே, உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையாமல், குழாய் முழுக்கச் சரிவாக இருக்க வேண்டும். முனை எண்ணெய்க்குள் மூழ்கினால் டர்போவில் எண்ணெய் தேங்கிப் புகை வரும். சீல் போச்சு என்று நல்ல டர்போவைக் கழற்றி வீசியவர்கள் நிறைய. பால் பேரிங் டர்போ என்றால் எண்ணெய் வரும் பக்கம் 1 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் வையுங்கள்.

டர்போ அளவு: 5500 சுற்றில் இந்த எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 14 கிலோ காற்று எடுக்கும். கேரட் ஜிடி3071ஆர் அதைத் தன் கம்ப்ரசர் வரைபடத்தின் நடுவிலேயே செய்துவிடும். டர்பைன் ஹவுசிங் 0.82. 35 ரகப் பெரிய டர்போ டைனோ தாளில் அழகாக இருக்கும். பிக்கப்பில் 4000 சுற்று வரை காத்திருக்க வைத்தால் 9:1 வைத்த நோக்கமே கெட்டுவிடும். வேஸ்ட்கேட் (பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் 0.4 பார், மீதி 0.3 சோலனாய்டில், சோலனாய்டு பழுதானாலும் பூஸ்ட் பாதுகாப்பான பக்கம் இறங்கும்.

இன்ஜெக்டர்: மொத்தம் மணிக்கு சுமார் 110 லிட்டர் பெட்ரோல் வேண்டும். ஆறாகப் பிரித்து, 80 விழுக்காடு திறப்பில் ஓட வைத்தால் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 382 சிசி. 440 எடுத்தோம். பம்ப் மணிக்கு 255 லிட்டர், ரிலேயும் பேட்டரியிலிருந்து நேர் ஒயரும். பழைய ஒயரில் பம்புக்கு 11 வோல்ட் மட்டும் போனால் பூஸ்ட் ஏறும் நேரத்தில்தான் பெட்ரோல் குறையும்.

பிளக் என்ஜிகே வெப்ப எண்ணில் 6-லிருந்து 7, இடைவெளி 0.7 மி.மீ. கியர்பாக்ஸ் ஆர்154.

டியூனிங்: பூஸ்ட்டில் லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவை அளவு, 1-க்குக் கீழே பெட்ரோல் கூடுதல்) 0.80 முதல் 0.82. இக்னிஷனை உச்ச டார்க் இடத்தில் 10 டிகிரியில் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் ஏறுவது நின்ற இடத்திலோ நாக்கிங் சத்தம் கேட்ட இடத்திலோ நின்று, 2 டிகிரி பின்வாங்குங்கள். நாக் சென்சாரின் ஃபில்டரை 6.6 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், இந்தப் போரின் தட்டல் அங்கேதான் கேட்கும். இன்டேக் காற்று 50 டிகிரி தாண்டினால் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 2 டிகிரி இக்னிஷன் குறைய வேண்டும். ரோன்95 மேப்பில் பூஸ்ட் 0.4-க்கு மேல் போகக்கூடாது. ஸ்விட்ச் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில்.

டைனோவில் முடிந்துவிட்டது என்று விடாதீர்கள். டைனோ ஓட்டம் பத்துப் பன்னிரண்டு விநாடி. கோம்பாக் டோலைத் தாண்டிக் கெந்திங் செம்பா வரை ஏறும் ஏற்றம் பல நிமிடம் எஞ்சினை அழுத்தி வைக்கும். ஏர்கானோடு, பகலில், எஞ்சின் கணினியில் லாக் (பதிவு) போட்டு ஏறிப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரிக்குப் போனால் முதலில் ஃபேன் ஷ்ரவுடையும், இன்டர்கூலருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் காற்று ஒதுங்கிப் போகும் ஓட்டைகளையும் பாருங்கள். ரேடியேட்டர் மாற்றுவது அதற்குப் பிறகு.

எஞ்சின் மாற்றத்துக்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதலும் பரிசோதனையும் வேண்டும். எஞ்சின் எண் கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றில்) ஏற வேண்டும். ஹாஃப்கட் வாங்கிய ரசீதையும் சுங்கத் தாளையும் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். எண் பதிவாகாத வண்டியின் காப்புறுதி விபத்து நாளில் கைவிடும்.

முதல் 50 கிலோமீட்டரில் எஞ்சின் எண்ணெய் மாற்றி ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பளபளப்பு கூடுதலாக இருந்தால் பேரிங்கைச் சந்தேகியுங்கள். 1000 கிலோமீட்டரில் சூடான எஞ்சினில், திராட்டில் முழுதும் திறந்து, ஆறு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எடுங்கள். ஆறுக்கும் நடுவே வேறுபாடு 10 விழுக்காட்டைத் தாண்டினால் லீக்-டவுன் (சிலிண்டரில் காற்றேற்றிக் கசிவைப் பார்க்கும் சோதனை) பார்த்துக் காரணம் தெரியும்வரை பூஸ்ட்டை 0.5-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.